வைப்ரேஷன்: உதறலா, நடுக்கமா, அதிர்வா?

பெரியப்பாவின் எம்.ஜி.பி. காரை மூன்று மாதத்துக்குள் இரண்டு கராஜுக்குக் கொண்டுபோனோம். இரண்டு இடத்திலும் நாங்கள் சொன்னது ஒரே வசனம்: "எண்பதில போனா வைப்ரேஷன் வருது." இரண்டு இடத்திலும் நடந்ததும் ஒரே வேலை. சில்லுகளைக் கழற்றி பலன்ஸ் பண்ணித் தந்தார்கள். காசு போனது, வைப்ரேஷன் போகவில்லை.

மூன்றாவதாகக் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பாஸைப் பிடித்தோம். கொழும்பில் கைவேலை தெரிந்த எவரும் பாஸ்தான். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் அது. சிங்களத்தில் மேசனுக்கும் தச்சனுக்கும் மெக்கானிக்குக்கும் மரியாதைப் பெயராகி நம் வாய்க்கும் வந்துவிட்டது. முதலாளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே ஒல்லாந்த வேரில் முளைத்ததுதான். சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த மனிதர் காரைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார்: "ஸ்டியரிங் உதறுதா தம்பி, இல்ல சீட்டுக்குக் கீழ அதிருதா?"

எங்கள் ஒற்றைச் சொல்லை அவர் இரண்டாகப் பிளந்துவிட்டார். அன்றிரவு சொல்லைத் தேடப் போனேன்.

வைப்ரேஷனின் மூலம் லத்தீனில் உள்ள 'விப்ராரே'. ஆட்டுதல், அசைத்தல், ஈட்டியைப் பிடித்து ஓங்கி அசைத்தல் என்றெல்லாம் பொருள். ஆங்கிலம் அதை எடுத்து, வீணைத் தந்தி முதல் லொறி எஞ்சின் வரை எல்லா ஆட்டத்துக்கும் ஒரே பெயராக வைத்துக்கொண்டது. விஞ்ஞானத்துக்கு அது வசதி. கராஜ் வாசலில் நிற்பவனுக்கு வசதியில்லை.

தமிழில் நேர்ச்சொல் அதிர்வு. இலங்கைப் பாடப்புத்தகங்களிலும் அதுவே. இது பழைய சொல். தொல்காப்பிய உரியியலில் 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்' என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. அதிர்வு, விதிர்ப்பு இரண்டுக்கும் நடுக்கம் என்பது பொருள் என்கிறது. 'அதிர வருவதோர் நோய்' என்று குறளிலும் வரும். ஆள் நடுங்கும்படி வருகிற துன்பம். விதிர்ப்பைத் திருவாசகத்தின் 'விதிர்விதிர்த்து' என்ற இடத்தோடு விட்டுவிட்டோம், பேச்சில் இப்போது யாரும் சொல்வதில்லை.

ஆனால் பழக்கத்தில் அதிர்வும் நடுக்கமும் ஒன்றல்ல. முரசு அதிரும், நிலம் அதிரும். அங்கே அசைவோடு ஒலியும் சேர்ந்திருக்கிறது. குளிரில் உடம்பு நடுங்கும். ஒலி கிடையாது, மெல்லிய அசைவு உள்ளிருந்து வருகிறது. உதறல் பெரிய அசைவு, துணியை உதறுவதுபோல வீசி வீசி வரும், கிட்டத்தட்ட எண்ணிவிடலாம். குலுக்கல் மேலும் கீழுமாக. கொழும்பு-காலி வீதிப் பள்ளத்தில் பஸ் தருவது. 'டொக்' என்று ஒரு தடவை மட்டும் கேட்டால் அது இந்த வரிசையிலேயே இல்லை, இடி. கிளச்சை விட்டவுடன் காருக்கு அடியில் அப்படி இடித்தால் ஏதோ ஒரு மூட்டில் தேய்மானம் என்று அர்த்தம்.

பாஸின் கேள்வி ஏன் சரியான கேள்வி என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்யப்பட்டது. (எம்.ஜி. என்பதே மொரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம்; பெயரிலேயே கராஜ் இருக்கிற காரை கராஜ் கராஜாக இழுத்தோம்.) எஞ்சின் முன்னால், சக்தி போவது பின் சில்லுக்கு. நடுவில் கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சு வரை ஒரு நீண்ட குழாய்த் தண்டு சுழல்கிறது. கராஜில் அதற்கு ப்ரொப்ஷாஃப்ட் என்று பெயர். பின் அச்சின் பல்விகிதம் ஏறத்தாழ 3.9. அதாவது சில்லு ஒரு தடவை சுற்ற, தண்டு நான்கு தடவைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். மணிக்கு 80 கிலோமீற்றரில் சில்லு நொடிக்குச் சுமார் 12 சுற்று, தண்டு சுமார் 46.

நொடிக்கு 12 என்பது கைக்குத் தெரிகிற உதறல். 46 என்பது சீட்டிலும் தரையிலும் ஊரும் நடுக்கம். தண்டின் இரு முனையிலும் உள்ள யுனிவர்சல் ஜொயின்ட் (சாய்ந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) கோளாறென்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உதைக்கும், நொடிக்கு 92. அது 'ம்ம்ம்' என்று காதிலும் விழும். அதாவது அதிர்வு, முரசுக்குச் சொன்ன அதே பொருளில்.

நொடிக்கு இத்தனை என்பதற்கு நம் பௌதிகப் புத்தகம் தரும் சொல் மீடிறன். மீள் + திறன், திரும்பத் திரும்ப வரும் திறன். தமிழ்நாட்டில் அதிர்வெண் என்பார்கள். அது எளிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு மீடிறன்தான் பிடிக்கும். இன்னொரு சொல்லில் நாம் இன்னும் கொடுத்துவைத்தவர்கள்: ரெசனன்ஸுக்கு நாம் சொல்லும் பரிவு. ஒன்று அதிர, அதே மீடிறன் உள்ள இன்னொன்றும் சேர்ந்து அதிர்வது. பெரியப்பாவின் காரில் 75க்கும் 85க்கும் இடையில்தான் தொல்லை. 95இல் பெருமளவு அடங்கிவிடும். தண்டின் உதைப்புக்குக் காரின் உடல் பரிவு காட்டும் இடம் அதுதான்.

இனி சோதனை. கொழும்புக்குள் 80 எங்கே போவது? ஞாயிறு காலை பேலியகொடையில் ஏறி கட்டுநாயக்கா அதிவேகப் பாதையில் போனோம். எண்பதில், நான்காம் கியரில், பாஸ் ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டச் சொன்னார்; கார் அதே வேகத்தில் போக எஞ்சினை மட்டும் மெதுவாகச் சுற்றவிடும் அமைப்பு அது. எஞ்சின் வேகம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறைந்தது. 'ம்ம்ம்' அப்படியே இருந்தது. எஞ்சின் தப்பித்தது. அப்புறம் நியூட்ரலில் உருளவிட்டோம். அப்போதும் இருந்தது, எனவே கிளச்சும் இல்லை. உள் கண்ணாடி நடுங்கியதில் பின்னால் வந்த லொறிக்கு நான்கு ஹெட்லைட் தெரிந்தது. 70க்கு இறங்க இரண்டானது.

திரும்பி வந்து காருக்கு அடியில் படுத்தவர் என்னையும் கூப்பிட்டார். ஒவ்வொரு ஜொயின்டிலும் தண்டோடு சேர்ந்த கவையில் இரண்டு காதுகள் உண்டு. தண்டின் இரு முனைக் காதுகளும் ஒரே தளத்தில் நிற்கவேண்டும். காரணம், சாய்ந்து சுழலும் யுனிவர்சல் ஜொயின்ட் வேகத்தைச் சீராகக் கடத்தாது. 10 பாகை சாய்ந்தால் ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் 1.5 சதவீதம் ஏறும், இறங்கும், இரண்டு தடவை. முன் ஜொயின்ட் செய்யும் குழப்பத்தைப் பின் ஜொயின்ட் எதிராகச் செய்து சரிக்கட்டும், காதுகள் நேராக இருந்தால். எங்கள் தண்டில் அவை நேராக இல்லை. முன்பு கிளச் மாற்றியபோது யாரோ தண்டைக் கழற்றி, நீளம் கூடிக் குறைய விடும் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். கழற்றுமுன் பெயின்டால் ஒரு கோடு போட்டிருந்தால் போதும். பின் ஜொயின்டின் மூடியோரம் செங்கல் நிறத்தில் துருத் தூளும் இருந்தது: ஊசி பெயாரிங் கிரீஸ் இல்லாமல் காய்ந்ததன் அடையாளம். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் புது ஜொயின்ட் கிடைத்தது.

இந்தப் பாகங்களுக்குத் தமிழ் வேண்டுமென்றால்: ப்ரொப்ஷாஃப்டைச் செலுத்துதண்டு எனலாம். அச்சாணி என்று எழுதுகிறார்கள், அது தவறு. அச்சாணி சில்லு கழன்று போகாமல் அச்சில் செருகும் ஆணி. யுனிவர்சல் ஜொயின்டைப் பொதுமூட்டு என்று மொழிபெயர்த்தால் யாருக்கும் எதுவும் விளங்காது. ஐரோப்பாவில் பலர் அதை 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரால் அழைக்கிறார்கள். எனக்கு எத்திசைமூட்டு போதும். வைப்ரேஷனுக்குப் பொதுப்பெயர் அதிர்வே. ஆனால் கராஜ் வாசலில் அதையும் சொல்லவேண்டாம், கைக்கும் காதுக்கும் எது தெரிகிறதோ அதைச் சொல்லுங்கள்.

போன ஞாயிறு மறுபடி கட்டுநாயக்காப் பக்கம் போனோம். எண்பதில் 'ம்ம்ம்' இல்லை, லொறிக்கு இரண்டே ஹெட்லைட். 'ம்ம்ம்' ஓய்ந்த பிறகுதான் இன்னொன்று கவனத்துக்கு வந்தது: ஸ்டியரிங்கில் மெல்ல மெல்ல ஓர் உதறல். பாஸிடம் போன் பண்ணி அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். "அப்ப முன் சில்லு. அதோட ஆரக்கம்பி லூசாயிருக்கும், கொண்டு வாங்கோ" என்றார்.