சீசன் எப்போது முடிகிறது?

பிள்ளையின் போன் கேம் பழக்கத்துக்காக ஆலோசனைக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் மணிக்கணக்கோடுதான் வருகிறார்கள். "நாலு மணி நேரம் ஆடுறான் மேடம், லீவு நாள்ல கேக்கவே வேணாம்." துப்பாக்கி, ரத்தம் எல்லாம் அடுத்த கவலை. நான் முதலில் கேட்பது அவர்களுக்கு விநோதமாக இருக்கும்: "இப்போ ஓடுற சீசன் எப்போ முடியுது?" அம்மாவும் அப்பாவும் விழிப்பார்கள். பையன் தேதியைச் சட்டென்று சொல்வான். சீசன் என்றால், ஆட்டத்தில் ஒரு தொகுதிப் பரிசுகளுக்கும் ரேங்குக்கும் வைத்திருக்கும் கெடு.

பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர், கால் ஆஃப் டியூட்டி மாதிரியான ஆட்டங்களில் சுடுவது பாதிதான். மீதி, மேட்ச் முடிந்தபின் வரும் திரையில் நடக்கிறது. புள்ளி ஏறும், பட்டை நிரம்பும், ஏதோ ஒன்று திறக்கும். இதைப் பரவலாகப் பழக்கியது 2007இல் வந்த கால் ஆஃப் டியூட்டி 4. அதில் 55 படிகள். ஏற ஏறப் புதுத் துப்பாக்கிகள் கைக்கு வரும். உச்சிக்குப் போனவர்களுக்கு 'பிரெஸ்டீஜ்': சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டு மறுபடி முதல் படியில் நின்றால், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னம். ஒரு சின்னத்துக்காக அத்தனையையும் துறக்க ஆள் கிடைத்தது என்பதை இந்தத் தொழில் மறக்கவேயில்லை.

2017 டிசம்பரில் ஃபோர்ட்நைட் 'பேட்டில் பாஸ்' கொண்டுவந்தது. முன்பணம் கட்ட வேண்டும்; கட்டிய பிறகு பரிசுகளை ஆடி ஆடிச் சம்பாதிக்கவும் வேண்டும். சீசனுக்குள் முடிக்காவிட்டால் மீதிப் பரிசு கிடையாது. பிஜிஎம்ஐயில் நம் பிள்ளைகள் 'ஆர்பி' என்று சொல்லும் ராயல் பாஸும் இதே வகைதான்.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) என் மேசையில் போனை வைத்து அந்தத் திரையைக் காட்டினான். சட்டை, முகமூடி, பாராசூட், துப்பாக்கிக்கு வண்ணம். காசு கட்டாதவன் கண்ணிலும் எல்லாம் படும்படி, மேலே குட்டிப் பூட்டுகள். மூலையில் மீதி நாள் கணக்கு. "இதுல உனக்கு எதுப்பா பிடிச்சிருக்கு?" என்றேன். விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிவரை பார்த்தான். "எதுவும் பெருசா இல்ல மேடம். ஆனா விட்டா போயிடும்ல."

ராத்திரி பதினொன்றரைக்கு அவனை உட்கார வைப்பது இந்த "போயிடும்"தான். டெய்லி மிஷன் அன்றோடு சரி. ரேங்க் சீசன் முடிந்தால் பல படிகள் கீழே இறக்கிவிடுவார்கள். பிஜிஎம்ஐயின் 'கான்கரர்' இன்னும் மோசம். முதல் 500 பேருக்கு மட்டுமான பட்டம் அது; நீங்கள் தூங்கும்போது மற்றவர்கள் ஏறினால் நீங்கள் இறங்குவீர்கள்.

அப்புறம் க்ரேட்: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் திறக்கும் பரிசுப் பெட்டி. எத்தனையாவது பெட்டியில் விழும் என்று தெரியாத பரிசுக்காகத் திரும்பத் திரும்ப அழுத்துவதை ஸ்கின்னர் என்ற உளவியலாளர் போன நூற்றாண்டிலேயே புறாக்களிடம் ஆராய்ந்துவிட்டார். சூதாட்ட இயந்திரமும் இதே விதியில்தான் ஓடுகிறது. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், ஓவர்வாட்ச் உள்ளிட்ட சில ஆட்டங்களின் காசுப் பெட்டிகள் சூதாட்டமே என்று சொல்லிவிட்டது. பெரும்பாலான ஆட்டங்களில் க்ரேட்டின் தகவல் பக்கத்தில் வாய்ப்பு விகிதம் இருக்கும். பிள்ளையோடு உட்கார்ந்து அதைப் படியுங்கள். அரை சதவீதம் என்று இருந்தால் 200 பெட்டிக்கு ஒன்று கட்டாயம் வரும் என்றுதான் பையன்கள் நினைக்கிறார்கள். 200 திறந்தும் வராமல் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டினால், என் அனுபவத்தில், அறிவுரையைவிட நன்றாக எடுபடுகிறது.

வீட்டில் சண்டை வெடிப்பது மேட்ச் நடுவில். பிஜிஎம்ஐயில் ஒரு மேட்ச் அரை மணி நேரம் போகும். பாதியில் போனைப் பிடுங்கினால் புள்ளியும் போகும், ஸ்குவாடில், அதாவது அவன் அணியில், மற்ற மூவரிடம் திட்டும் வாங்குவான். "இந்த மேட்சோட நிறுத்து" என்பது அவனால் செய்ய முடிந்த காரியம். "இப்பவே வை" அப்படி இல்லை. சீசன் முடியும் வாரத்தைத் தேர்வு அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டும் மோதுகிற மாதத்தில் ஆர்பி வாங்குவதில்லை என்று முன்கூட்டியே பேசி முடிப்பது சுலபம். நடுவில் பேசினால் கட்டிய காசு குறுக்கே நிற்கும்.

காசு விஷயத்தில் மட்டும் நான் கறார். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள், யுபிஐ பின் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். தவறுதலாக ஒரு பட்டன் பட்டாலே வாங்கிவிடும்படி ஃபோர்ட்நைட்டில் அமைத்திருந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2022இல் அதைத் தயாரித்த எபிக் நிறுவனத்தைத் திருப்பித் தரச் சம்மதிக்க வைத்தது 24.5 கோடி டாலர்.

ரேங்கை ஏற்ற விடாமல் ஆடுகிற, அதாவது ரேங்க் புஷ் பண்ணுகிற, பிள்ளையெல்லாம் நோயாளி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலில் 'கேமிங் கோளாறு' இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அது முந்துவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது என்ற மூன்றும் சேர்ந்து பொதுவாக ஓராண்டாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். பள்ளிக்கே போக மாட்டேன் என்கிறான், தூக்கம் கெட்டுவிட்டது, போனை வாங்கினால் கையை ஓங்குகிறான் என்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.