பூட்டிக் கிடக்கும் வீட்டில் டார்ச் ஏன் செத்துப் போகிறது

செட்டிநாட்டுப் பக்கம் டார்ச் வாங்குவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எந்த ஊரை எடுத்தாலும் வருஷத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கிற வீடுகள் நிறைய. பொங்கலுக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் ஒரு கல்யாணத்துக்கும் திறப்பார்கள், பங்காளிகள் கூடுவார்கள், முதல் ராத்திரியே கரண்ட் போகும், யாரோ அலமாரியைத் துழாவிப் போன தடவை வாங்கி வைத்த சார்ஜ் லைட்டை எடுப்பார்கள், அது எரியாது. ராத்திரி முழுக்க ப்ளக்கில் சொருகி வைத்தாலும் மறுநாள் அஞ்சு நிமிஷம் மினுக்கிவிட்டு அணைந்துவிடும். "கம்பெனி சரியில்லை" என்று அடுத்த ஒன்றை வாங்கி அதே அலமாரியில் வைப்போம், அடுத்த பொங்கலுக்கு அதுவும் அப்படியே ஆகும்.

கம்பெனியை விட்டுவிடலாம். அந்த லைட் எரிந்து எரிந்து தேய்ந்து சாகவில்லை, சும்மா கிடந்தே செத்தது. வீட்டு உபயோகத்துக்கு டார்ச் தேர்வு செய்யும்போது எல்லோரும் எவ்வளவு பிரகாசம் என்றுதான் கேட்கிறோம். மாசக்கணக்கில் தொடாமல் வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது.

பின்பக்கம் மடக்குகிற ப்ளக் வைத்து விற்கும் மலிவான லைட்டுகளில் பெரும்பாலும் 4 வோல்ட் ஈய அமில பேட்டரிதான் இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியின் குட்டித் தம்பி, 2 வோல்ட் செல் இரண்டு சேர்ந்தது. மின்சாரம் இறங்க இறங்க அதன் தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அந்தப் படிவு கரைந்து பழைய நிலைக்கு வந்துவிடும். ஏற்றாமல் போட்டுவிட்டால் பொடிப் பொடியாக இருக்கும் படிகங்கள் சேர்ந்து தடித்து இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் கரையாது. நாம் தொடாவிட்டாலும் இந்த பேட்டரி தானாகவே மாசம் 3 முதல் 5 சதவீதம் வரை இறங்கும், வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த வேகம் கிட்டத்தட்ட இரட்டிக்கும். காரைக்குடி வெயிலை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாதி இறங்கிய லைட்டை அலமாரியில் வைத்துவிட்டு சித்திரை, வைகாசி கழித்து வந்து பார்த்தால் என்ன மிச்சம் இருக்கும்?

சார்ஜ் ஏற்றும் சுற்று (சர்க்யூட்) இன்னொரு எமன். 230 வோல்ட்டை 4 வோல்ட்டுக்குக் குறைக்க அதற்குள் மின்மாற்றி எல்லாம் கிடையாது, பெரும்பாலும் ஒரு மின்தேக்கி மட்டும்தான். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர்தான் உள்ளே விடும், அதை நேர் மின்னோட்டமாக்கி பேட்டரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். செலவு குறைவு, ஆனால் பேட்டரி நிறைந்ததா இல்லையா என்று அந்தச் சுற்றுக்குத் தெரியாது. நிறைந்த பிறகும் அதே 70 மில்லி ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வெளியேறும், பேட்டரி காயும். "ரெண்டு நாள் சார்ஜ்ல போட்டேன், அப்பவும் நிக்கலை" என்பார்கள். ரெண்டு நாள் போட்டதுதான் காரணமே. இதைவிட முக்கியம், இந்தச் சுற்றுக்கும் வீட்டு மெயின் லைனுக்கும் நடுவில் தடுப்பே இல்லை. ப்ளக்கில் இருக்கும்போது உள்ளிருக்கும் எந்தக் கம்பியைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். சார்ஜ் ஏறும்போது அதைக் கையில் எடுத்து எரிப்பது, மூடி கழன்றதை ஒட்ட வைப்பது எல்லாம் வேண்டாம்.

சரி, லித்தியம் அயான். 1991-ல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த இந்த வகை பேட்டரிதான் இப்போது போனிலிருந்து ஸ்கூட்டர் வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. சும்மா வைத்தால் மாசம் 2, 3 சதவீதம்தான் இறங்கும், சல்பேட் தொல்லை கிடையாது. பூட்டுகிற வீட்டுக்கு இதுதான் சரி, ஆனால் இதற்கும் இரண்டு பலவீனம். முழு சார்ஜில், அதுவும் வெக்கையில் கிடந்தால் சீக்கிரம் கிழடு தட்டும். அடியோடு காலியானாலும் கெடும், 2.5 வோல்ட்டுக்குக் கீழே ரொம்பவும் இறங்கினால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும், அதற்கப்புறம் சார்ஜ் ஏற்றுவது ஆபத்து. அதனால் ஊருக்குக் கிளம்பும்போது நிறைய ஏற்றி வைக்காதீர்கள், பாதிக்குக் கொஞ்சம் மேலே, நாலு புள்ளி விளக்கு இருந்தால் ரெண்டோ மூணோ எரிகிற அளவு போதும். மேல்மாடியில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் வைக்காமல் வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய உள்ளறை அலமாரியில் வையுங்கள். அந்தத் தடித்த சுண்ணாம்புச் சுவர்கள் வெயிலை உள்ளே விடாமல் இருக்கத்தானே கட்டியது.

இன்னொரு திருட்டு சுவிட்சில் நடக்கும். அமுக்கினால் "டக்" என்று உட்காரும் பழைய சுவிட்ச் தொடர்பையே துண்டித்துவிடும். லேசாகத் தொட்டால் மாறும் மின்னணு சுவிட்ச் அப்படி இல்லை, எப்போது தொடுவார்கள் என்று உள்ளே ஒரு சில்லு விழித்துக்கொண்டே இருக்கும், அதற்குக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். ஒழுங்காகச் செய்த டார்ச்சில் அது 20 மைக்ரோ ஆம்பியர் மாதிரி சொற்பம். 3000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) பேட்டரி அந்தக் கணக்கில் 17 வருஷம் தாங்கும், கவலையே இல்லை. மட்டமாகச் செய்ததில் அதுவே ஒரு மில்லி ஆம்பியர் என்றால் 125 நாளில் காலி. மாசி மாதம் பூட்டிய வீட்டுக்கு ஆனி முடிவதற்குள் பேட்டரி போச்சு. பெட்டியில் இதை அச்சடிப்பவர் அபூர்வம் என்பதால், பின்மூடியைக் கால் திருகு தளர்த்தி வைக்க முடிகிற உலோக டார்ச்சாகப் பாருங்கள். தளர்த்தியதும் சுவிட்ச் வேலை செய்யவில்லை என்றால் தொடர்பு விட்டுவிட்டது என்று அர்த்தம்.

இனி பெட்டி மேல் இருக்கும் எண்கள். லூமென் என்பது விளக்கு மொத்தமாக எவ்வளவு ஒளி விடுகிறது என்பதன் அளவு. கூடத்தில் மாட்டும் 9 வாட் எல்இடி பல்பு ஏறக்குறைய 900 லூமென். அப்படியிருக்க கைக்குள் அடங்கும் டார்ச்சில் "10,000 லூமென், 10 மணி நேரம்" என்று போட்டிருந்தால் கடையிலேயே மனக்கணக்குப் போடலாம். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும் என்று வைத்தால் அதற்கு 100 வாட் வேண்டும், 10 மணி நேரத்துக்கு 1000 வாட் மணி. வீட்டில் ஸ்டூல் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறதே, அந்த 12 வோல்ட் 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 1800 வாட் மணிதான். அதில் பாதிக்கு மேல் இந்த டார்ச்சுக்குள் இருக்கிறதாம்! டார்ச்சில் வழக்கமாக வரும் 18650 செல், அதாவது 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளை, நல்லதாக இருந்தால் 2500 முதல் 3500 எம்ஏஎச். 3000 என்று வைத்தால் கிட்டத்தட்ட 11 வாட் மணி, 100 லூமெனில் பத்து மணி நேரம் சொச்சம். அதே அளவு செல்லில் 9900 என்று அச்சடித்திருந்தால் தயங்காமல் கீழே வைத்துவிடலாம். உண்மையான செல் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும், போலி பல சமயம் கையில் எடுத்ததுமே லேசாக இருக்கும். இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் ஆர் எனத் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், அதையும் தேடிப் பாருங்கள்.

எரியும் நேரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டார்ச்சுகளுக்கான எஃப்எல்1 என்கிற அமெரிக்கத் தரமுறைப்படி, ஆரம்ப வெளிச்சம் 10 சதவீதமாகக் குறையும் வரை ஓடுவதெல்லாம் எரியும் நேரம்தான். முதல் சில நிமிஷம் 1000 லூமெனில் எரிந்து, சூடு தாங்காமல் தானே 300-க்கு இறங்கி, அப்படியே மூன்று மணி நேரம் ஓடினாலும் "1000 லூமென், 3 மணி நேரம்" என்று எழுதலாம், பொய் ஆகாது. எட்டும் தூரமும் இதே கதை. முழு நிலா வெளிச்சம் அளவுக்கு, அதாவது கால் லக்ஸ் விழும் தூரத்தைத்தான் எழுதுகிறார்கள். 200 மீட்டர் என்றால் அங்கே நிற்பது ஆடா ஆளா என்று அடையாளம் தெரிய 70, 80 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூரம் நமக்குத் தேவையா? முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகள்தான், இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு தாண்டி அடுப்படிக்குப் போக டார்ச் வேண்டும்தான், ஆனாலும் கூர்மையாக ஒரே புள்ளியில் விழும் ஒளி வீட்டுக்குள் தொல்லை. விழுந்த இடம் கண்ணைப் பறிக்கும், கால்மாட்டில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. வீட்டுக்குப் பரவலான ஒளி, ஊருணிக்கரைக்கும் தோப்புக்கும் கூர்மையான ஒளி. தலையை இழுத்துக் கூர்மையாக்கும் ஜூம் வகை இரண்டுக்கும் ஆகும் என்பார்கள், ஆனால் இழுத்ததும் லென்ஸுக்குள் போகாத ஒளி உடம்புக்குள்ளேயே வீணாகிறது.

கரண்ட் போனால் டார்ச்சை நிமிர்த்தி வைத்துக் கூரையில் ஒளியை அடித்துக் கூடம் முழுக்கப் பரப்புவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. கான்கிரீட் வீட்டில் அது நன்றாக வேலை செய்யும், செட்டிநாட்டு வீட்டில் செய்யாது. மேலே கறுத்த தேக்கு, விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வெள்ளைச் சுவரோ 80 சதவீதம் போலத் திருப்பி அனுப்பும், அதனால் சுவரில் அடியுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்தப் பளபளப்புப் பூச்சில் கொஞ்சம் ஒளி கண்ணாடியில் பட்டது மாதிரி அப்படியே திரும்பி முகத்தில் அடிக்கும், எனவே நேராக இல்லாமல் சாய்வாக. 300 லூமென் இருந்தால் பட்டாலையில் இலை போட்டுச் சாப்பிடலாம்.

ஒளியின் நிறத்தை யாரும் பார்த்து வாங்குவதில்லை, நான் பார்ப்பேன். வெள்ளை எல்இடியில் உண்மையில் இருப்பது நீல எல்இடிதான் (அதற்காகத்தான் 2014 இயற்பியல் நோபல் பரிசு), அதன் மேல் பூசிய மஞ்சள் பொருள் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான வகையில் சிவப்பு மிகக் குறைவு. ஆத்தங்குடிக் கல்லின் செம்மண் நிறம், மர நிலைப்படியின் பழுப்பு, அதன் ஓரம் சுருண்டு கிடக்கும் கண்ணாடி விரியனின் பழுப்பு எல்லாம் அந்த ஒளியில் ஒரே சாம்பல் கலவையாகிவிடும். பூச்சி பொட்டு நடமாடும் ராத்திரிக்குத்தானே டார்ச்சே. சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான மதிப்பெண்) 90 என்று எழுதியதை, 4000 அல்லது 5000 கெல்வின் நிறத்தில் வாங்கினால் லூமென் கொஞ்சம் குறையும், கிடப்பது கயிறா வேறா என்பது தெரியும்.

குறைந்த வெளிச்சமும் இருக்க வேண்டும், 5, 10 லூமென் அளவில். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20, 30 நிமிஷம் ஆகும், நடுராத்திரி எழுந்து கொல்லைப்பக்கம் போகும்போது 500 லூமெனைப் போட்டால் அந்தப் பழக்கம் ஒரு நொடியில் போய்விடும், அணைத்ததும் முன்னைவிட இருட்டு. இந்தக் குறைந்த ஒளியில் ஒரே சார்ஜ் பல ராத்திரி வரும்.

சார்ஜ் ஏற்றும் துளை டைப்-சி என்றால் சௌகரியம், ஆனால் கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு முனையும் டைப்-சி உள்ள வயரைப் போட்டு ஏறுகிறதா என்று பாருங்கள். டார்ச்சுக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டை வைக்காமல் மிச்சம் பிடித்திருந்தால் சார்ஜருக்கு மறுமுனையில் ஒரு கருவி இருப்பதே தெரியாது, கரண்ட் விடாது. பழைய அகல முனை வயரில் மட்டும் ஏறும், அந்த வயரை டார்ச்சோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியே வைக்க வேண்டியதுதான். செல்லைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிற டார்ச் கிடைத்தால் நூறு, இருநூறு கூடப் போனாலும் அதையே எடுங்கள், நாலைந்து வருஷத்தில் செல் தளர்ந்ததும் அதை மட்டும் மாற்றலாம். பழையது உப்பியிருந்தாலோ மேலுறை கிழிந்திருந்தாலோ திரும்ப சார்ஜ் போடாமல், குப்பை வண்டியிலும் போடாமல், பழைய பேட்டரி எடுத்துக்கொள்ளும் போன் கடையில் கொடுத்துவிடுங்கள்.