'கூரை ஒழுகுது சார்' என்று கன்வெர்டிபிள் காரோடு வருகிறவர்களுக்கு

ஐப்பசியில் முதல் பெரிய மழை அடித்து ஓய்ந்ததும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ரெக்கவரி வண்டியில் கன்வெர்டிபிள் கார்கள், அதாவது கூரையைத் திறந்து மூடும் கார்கள், வர ஆரம்பித்துவிடும். இந்த வருஷமும் வந்தாயிற்று. கார்பெட் சொதசொதவென்று இருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகாது. மீட்டரில் எரியாத விளக்கு இருக்காது. உரிமையாளர் சொல்வதும் மாறாது: "கூரை ஒழுகுது சார், புதுக் கூரை என்ன விலை?" போதாக்குறைக்கு, கூரை, கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் முழுக்கச் சிலிகான் சீலன்ட்டை அப்பிக்கொண்டு வருகிறார்கள்.

ஐயா, கூரை ஒழுகவில்லை. தண்ணீர் போகிற வழி அடைத்திருக்கிறது. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

சாதாரண காரின் கூரை ஒரே தகடு, அதில் விழுந்த மழை வெளியிலேயே வழிந்து போய்விடும். திறந்து மூடும் கூரை அப்படி இல்லை. துணிக் கூரையோ, மெர்சிடிஸ் எஸ்எல்கே, பிஎம்டபிள்யூ இ89 (இரண்டாம் தலைமுறை) இசட்4 போல மடங்கும் தகடோ, வெளி ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைப் பிடிக்கக் கூரை மடங்கும் இடத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கிறது. வாய்க்காலின் இரண்டு மூலையிலிருந்தும் குழாய் இறங்கி, பின்சக்கரப் பக்கமோ கதவுக்குக் கீழ்ப்பக்கமோ தரையில் விட்டுவிடும். பல வண்டிகளில் அந்தக் குழாய் ஆள்காட்டி விரல் தடிமன்கூட இருக்காது. அதில் வேப்பங்காம்பும் புங்கம்பூவும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து ஊறி அடைத்துக்கொண்டால் வாய்க்கால் நிரம்பும், நிரம்பியது வழிந்து உள்ளே இறங்கும். கூரை நூறு சதவீதம் நன்றாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

உள்ளே இறங்கிய தண்ணீர் சீட்டுக்கு அடியிலும் கால் வைக்கும் இடத்திலும் போய்த் தேங்கும். இந்தக் கார்களைச் செய்தவர்கள் அங்கேதான் கம்ப்யூட்டர் பெட்டிகளையும் வைத்திருக்கிறார்கள்! போர்ஷே பாக்ஸ்டரில் 986, 987 இரண்டு மாடலிலும் சாவியை அடையாளம் பார்த்து வண்டியை ஸ்டார்ட் ஆக விடும் இம்மொபிலைசர் பெட்டி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அது நனைந்தால் சாவி செத்த சாவி. முதல் தலைமுறை இசட்4-இல், அதாவது இ85-இல், கூரையைத் தூக்கும் ஹைட்ராலிக் மோட்டாரையே கூரை மடங்கும் குழியின் அடிமூலையில் வைத்தார்கள். வடிகால் அடைத்தால் மோட்டார் முழுகும், முழுகினால் கூரை மூடாது, மூடாத கூரை வழியே மிச்ச மழையும் உள்ளே. வடிவமைத்தவரை நினைத்து நாங்கள் என்ன பேசிக்கொள்வோம் என்பதை இங்கே எழுத முடியாது.

சிலிகான் விஷயத்துக்கு வருகிறேன். புளித்த வாடை அடிக்கிற கடைச் சிலிகான் காயும்போது அமிலத்தை விடும், அதுபட்ட உலோகம் அரிக்கும். இந்தக் கார்களில் கதவுக்கு மேலே ஃபிரேம் கிடையாது, கண்ணாடி நேராக ரப்பரில் போய்ப் பதிகிறது. சிலிகான் பூசிய ரப்பரில் கண்ணாடி ராத்திரி முழுக்க ஒட்டியிருக்கும், காலையில் கதவைத் திறக்கும்போது ரப்பரின் உதட்டையே கிழித்துக்கொண்டு வரும். அடைப்பு எடுக்கும் வேலையாக முடிந்திருக்க வேண்டியது, முழு ரப்பர் செட் மாற்றுகிற வேலையாகிவிடும். டபிள்யூடி-40, வாஸ்லின், கிரீஸ் எதுவும் வேண்டாம், பெட்ரோலியப் பொருள் பட்டால் ரப்பர் உப்பிப்போகும். கம்பெனி சொல்லும் ரப்பர் பராமரிப்புத் திரவத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெல்லிய படலமாகத் துணியால் தடவினால் போதும்.

வடிகாலைச் சுத்தம் செய்வது வீட்டிலேயே ஆகிற காரியம். கூரையைப் பாதி திறந்து நிறுத்தாதீர்கள், உங்கள் மாடலின் கையேட்டில் சொன்ன நிலையில் நிறுத்துங்கள். வாய்க்காலில் கிடக்கும் குப்பையைக் கையாலும் வேக்குவம் கிளீனராலும் முதலில் எடுத்துவிட வேண்டும். குப்பை இருக்கும்போதே தண்ணீர் ஊற்றினால் நீங்களே அடைத்துக் கொடுத்த மாதிரி ஆகும். பிறகு புல்வெட்டும் மிஷினில் போடும் 2 மில்லிமீட்டர் நைலான் நரம்பை எடுத்து, நுனியைத் தீயில் லேசாக உருட்டி, சுழற்றிச் சுழற்றி உள்ளே விடுங்கள். கட்டுக்கம்பி, சைக்கிள் கம்பி கூடாது, குழாய் கிழியும். கம்ப்ரெஸர் காற்றை வைத்து ஊதுவது அதைவிட மோசம். உள்ளே குழாய் இணைப்பு கழன்று தொங்கும், பார்த்தால் அடைப்பு போய்விட்டது போலத் தெரியும், அடுத்த மழைத் தண்ணீர் நேராகப் பாடிக்குள் போகும். கடைசியாக ஒவ்வொரு மூலையிலும் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். சில வினாடிகளில் அந்தப் பக்கத்துச் சக்கரத்தருகே கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்திலும் இதே மாதிரி வடிகால் உண்டு. அதை யாரும் பார்ப்பதில்லை.

இனி, வாங்கப் போகிறவர்களுக்கு. "ஓனர் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார், 18,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, கூரையைத் திறந்ததே இல்லை" என்று விற்பவர் சொன்னால் முகம் மலர்கிறீர்கள். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. திறக்காத கூரை புதுக்கூரை ஆகாது. ஹைட்ராலிக் சிலிண்டருக்குள் இருக்கும் சீல், ஆடாமல் கிடந்தால் ஒரே இடத்தில் அமுங்கி இறுகிவிடும். பிறகு நீங்கள் ஆசையாகத் திறக்கும் முதல் வாரத்தில் எண்ணெய் கசியும். மெர்சிடிஸின் பழைய சிஎல்கே கேப்ரியோலேயில் முன்கண்ணாடிக்கு மேலே ஒரு சிலிண்டர் இருக்கிறது. அது கசிந்தால் எண்ணெய் ஓட்டுகிறவர் தலையில் சொட்டும். பேட்டரி அடிக்கடி உயிர் விட்டிருக்கும். டயரில் பட்டன் தேயாமல் இருக்கும், ரப்பர் செத்திருக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். கிலோமீட்டர் குறைவான காரைவிட மாதம் இரண்டு தடவையாவது கூரை திறந்து மூடப்பட்ட கார் மேல் என்பது என் தீர்ப்பு.

இன்ஜின், கியர்பாக்ஸைப் பற்றி எழுதப் போவதில்லை. அதை எல்லோரும் பார்க்கிறார்கள்.

பார்க்கப் போனதும் முதலில் மூக்கை நம்புங்கள். ஏர் ஃப்ரெஷ்னர் வாசம் தூக்கலாக இருந்தால் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிப் பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஏறி உட்காருங்கள். மேல் கார்பெட் காய்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடியில் விரல் தடிமனுக்கு மேல் ஸ்பாஞ்ச் இருக்கும், மேலே காய்ந்த பிறகும் அது வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஓரத்தைத் தூக்கி டிஷ்யூ பேப்பரை ஸ்பாஞ்சில் வைத்து அழுத்துங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறையின் கோடு இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் முழுகிய கார்கள் எல்லாம் உடைக்கப்பட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். டோட்டல் லாஸ் (சரிசெய்யக் கட்டாது) என்று இன்சூரன்ஸ் எழுதியது ஏலத்துக்குப் போகும், பாலிஷ் போட்டு வேறு ஊரில் திரும்பி வரும். சீட் ரெயில் போல்ட்டில் துரு, டிக்கியின் தரைக்கு அடியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் ஆவி இவையும் அதே கதையைத்தான் சொல்லும்.

கூரையைக் குறைந்தது இரண்டு முறை முழுதாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். வண்டி ஆறியிருக்கும்போது ஒருமுறை, ஓட்டி வந்த பிறகு ஒருமுறை. இன்ஜின் ஓட வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும். செல்போனில் நேரம் பிடியுங்கள். ஆடி ஏ3 கேப்ரியோலேக்கு 18 வினாடி, இ89 இசட்4-க்கும் மெர்சிடிஸ் சி300 கேப்ரியோலேக்கும் ஏறக்குறைய 20 வினாடி. முப்பதைத் தொட்டால் பம்ப் தளர்ந்திருக்கிறது, அல்லது எண்ணெய் குறைந்திருக்கிறது. நடுவில் நின்றால் உடனே பயப்பட வேண்டாம். தகடுக் கூரை வண்டிகளில் டிக்கிக்குள் ஒரு தடுப்பு இருக்கும், அதை இழுத்து மாட்டாவிட்டால் கூரை அசையவே அசையாது. வெறும் இதற்காக வண்டியை ரெக்கவரியில் அனுப்பியவர்கள் உண்டு. தடுப்பு மாட்டியும் நிற்கிறது என்றால் ஒவ்வொரு கட்டத்தையும் உறுதி செய்யும் சின்னச் சின்ன சுவிட்சுகளில் ஏதோ ஒன்று சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இன்ஜினுக்கு மட்டும் ஸ்கேன் போட்டுவிட்டுச் சுத்தம் என்று சொல்பவரை நம்பாதீர்கள், கூரை கன்ட்ரோலர் உட்பட எல்லா மாட்யூலின் (கம்ப்யூட்டர் பெட்டியின்) அறிக்கையையும் கேளுங்கள். 'வோல்டேஜ் குறைவு', 'தொடர்பு இல்லை' என்று ஐந்தாறு மாட்யூல் ஒரே நேரத்தில் அழுதிருந்தால் தண்ணீர் அல்லது பேட்டரி.

நம் ஊருக்கே உரிய ஒரு கொடுமை ஜானவாசம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்றே வாங்கிவிட்ட கன்வெர்டிபிள்கள் நிறைய, அவை திரும்பச் சந்தைக்கும் வருகின்றன. மாப்பிள்ளை சீட்டில் உட்கார்ந்தால் பரவாயில்லை. அவரை மடங்கிய கூரையின் மூடிமேல் ஏற்றி, காலைச் சீட்டில் வைத்து, பக்கத்தில் தோழனையும் உட்கார வைக்கிறார்கள். அந்த மூடி மனிதர் உட்காரச் செய்ததில்லை. கீல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளைந்தால் போதும், பூட்டு சுவிட்சில் படாது, கூரை பாதியில் நிற்கும். அப்படிப்பட்ட வண்டியின் வடிகாலைக் குத்தினால் காய்ந்த மல்லிகையும் ஜிகினாவும் மஞ்சள் தடவிய அட்சதை அரிசியும் கஞ்சிப் பதத்தில் வெளியே வரும். வாங்கும்போது மூடியின் இரண்டு பக்க இடைவெளியையும் விரலால் தடவி ஒப்பிடுங்கள். சொந்தப் பதிவு வண்டியை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கையை விரிக்கும்.

இன்சூரன்ஸ் என்றதும் இன்னொன்று. வடிகால் அடைத்து உள்ளே தண்ணீர் இறங்கியதற்கு கிளெய்ம் கேட்கலாமா என்று கேட்கிறார்கள். தேய்மானமும் மின்சாரப் பழுதும் சாதாரண பாலிசியில் வராது, பராமரிப்புக் குறைவு என்று எழுதிவிடுவார்கள். வெள்ளத்தில் நின்றது வேறு, அது முழுப் பாலிசியில் வரும்; ஆனால் தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் அதற்கு இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் தனியாக எடுத்திருக்க வேண்டும். பழைய காருக்கு அதைத் தருவார்களா என்று வாங்குமுன் கேளுங்கள்.

டெல்லியில் 15 வருடப் பெட்ரோல் வண்டிக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கே விலை மலிவு. வாங்கலாம். ஆனால் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று, அதாவது ஃபார்ம் 28, கையில் வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததைக் காட்டும் ஃபார்ம் 35-உம் வேண்டும். இங்கே தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். வெளிமாநிலப் பழைய காருக்கு வயதுக்கேற்பக் குறையும் என்றாலும் தொகை சின்னதில்லை. நம் ஆர்டிஓவில் கணக்குக் கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். விலைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்க முடியாதவர்கள், தயவுசெய்து, இந்தக் கார் வேண்டாம்.

வாங்கிவிட்டீர்கள். மரத்தடியில் நிறுத்தாதீர்கள், முடியாவிட்டால் மூச்சு விடும் துணி உறை போடுங்கள், பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம். துணிக் கூரை ஈரமாக இருக்கும்போது மடித்து வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். வாட்டர் வாஷ் பையனிடம் தண்ணீர் பீய்ச்சும் கன்னைக் கூரைத் தையலிலிருந்து ஒரு முழமாவது தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஹைட்ராலிக் எண்ணெய்க்குப் பதில் பிரேக் ஆயில் ஊற்றும் மெக்கானிக் கண்ணில் பட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிடுங்கள், சீல் அத்தனையும் போகும். சிலிண்டர் கசிந்தால் புதுசு மட்டுமே வழி என்று ஷோரூமில் சொல்வார்கள், சீல் மட்டும் மாற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். கூரை வழியில் சிக்கிக்கொண்டால் நாலு பேர் சேர்ந்து தள்ளாதீர்கள். பம்ப்பில் இருக்கும் வால்வைத் திறந்து அழுத்தத்தை விடுவித்த பிறகுதான் கை வைக்க வேண்டும், இல்லையென்றால் கம்பிகள் வளையும். அதற்கான சாவி டூல் பையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

பேட்டரி இறங்கிய காரின் கதவைப் பிடித்து இழுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கதவைத் திறக்கும்போது கண்ணாடி சில மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும், கரண்ட் இல்லாவிட்டால் இறங்காது. இழுத்தால் ரப்பரோ கண்ணாடியோ ஒன்று போகும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சார்ஜரை (பேட்டரி மெயின்டெய்னர்) மாட்டி வையுங்கள். பிஎம்டபிள்யூவில் பேட்டரி மாற்றினால் புது பேட்டரியை கம்ப்யூட்டரில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கார்பெட் நனைந்தே விட்டது என்றால் சாவியைப் போட்டு "ஸ்டார்ட் ஆகுதா" என்று பார்க்க வேண்டாம். நனைந்த மாட்யூல்களைக் கொல்வது தண்ணீரைவிட அந்த கரண்ட்தான். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், சீட்டை எடுங்கள், கார்பெட்டையும் ஸ்பாஞ்சையும் வெளியே கொண்டுவந்து வெயிலில் போடுங்கள். பெட்டிகளைக் கழற்றி உலர்த்துவது எங்கள் வேலை. ஹேர் டிரையரோடு நீங்கள் ஆரம்பிக்காதீர்கள். வண்டியை அனுப்பும்போது ரெக்கவரிக்காரரிடம் மூக்கைத் தூக்கி ஏற்றாமல் சமமாக வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள், முன்னால் நிற்கும் தண்ணீர் பின்னால் இருக்கிற பெட்டிகளுக்கும் போய்ச் சேர வேண்டாம்.