கலாச்சாரத் திருட்டா, பண்பாட்டு அபகரிப்பா?

2022 ஜூலை 25 அன்று கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், மாஸ்க்வாசிஸ் என்ற ஊரில், போப் பிரான்சிஸ் தலையில் அந்நாட்டுப் பழங்குடிகளான முதற்குடிகளின் இறகுத் தலையணி ஒன்று வைக்கப்பட்டது. ‘கல்ச்சுரல் அப்ரோப்ரியேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கி, அந்தப் படத்துக்கு அடியில் ‘கலாச்சாரத் திருட்டு’ என்று எழுதுகிறார்கள். அங்கே திருட்டும் இல்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் திருட்டு என்ற பொருளும் இல்லை.

ஆங்கிலத்தில் ‘அப்ரோப்ரியேஷன்’. லத்தீனில் ‘ப்ரோப்ரியுஸ்’ என்றால் தனக்கே உரியது. பிறருடையதை அப்படி ஆக்கிக்கொள்வது இச்சொல். வேர் இவ்வளவுதான். வழக்கில் ஏறிய பொருள்தான் கனமானது: வலுத்தவன் எளியவனின் அடையாளத்தைக் கேட்காமல் எடுத்து, அதன் பொருளை உதிர்த்துவிட்டு, காசுக்கோ கேளிக்கைக்கோ பயன்படுத்துவது.

‘திருட்டு’ இதைத் தாங்காது. திருடினால் பொருள் உடையவனிடம் இருக்காது. திருடுகிறவன் ஒளிந்து செய்வான். 2012இல் விக்டோரியாஸ் சீக்ரெட் என்ற அமெரிக்க நிறுவனம் தன் உள்ளாடை அணிவகுப்பில் ஒரு மாடலுக்கு இறகுத் தலையணி மாட்டி மேடையேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு, ஒளிபரப்பிலிருந்து அந்தக் காட்சியை நீக்கியது. விளக்கு வெளிச்சத்தில், கைதட்டலுக்கு நடுவே நடந்த இதில் ஒளிவு எங்கே? லகோட்டா முதலான வட அமெரிக்கச் சமவெளிக் குடிகளிடம் ஒவ்வொரு இறகும் ஒரு செயலால் ஈட்டப்படுவது. அந்தப் பொருள்தான் அங்கே பறிபோனது.

‘தனதாக்கல்’ என்று தூய தமிழ் அன்பர்கள் சொல்வார்கள். வேருக்கு நெருக்கம்தான். ஆனால் ‘கோப்பையைத் தனதாக்கியது’ என்று விளையாட்டுப் பக்கம் தினமும் எழுதுகிறது. பழிச் சொல்லுக்குப் பாராட்டு வாடை ஒட்டிக்கொண்டது. ‘வௌவல்’ நல்ல சொல், ஆனால் பாதிப்பேர் வௌவால் என்று படிப்பார்கள். ‘கையகப்படுத்தல்’ அரசின் சொல்: அறிவிப்பு உண்டு, இழப்பீடு உண்டு, 2013ஆம் ஆண்டுச் சட்டமே உண்டு. மிஞ்சுவது ‘அபகரிப்பு’. வடசொல்தான், இருக்கட்டும். ‘நில அபகரிப்பு’ என்றால் ஆள்பலம் உள்ளவன் இல்லாதவனிடம் பிடுங்கியது என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கனடா 1885 முதல், மேற்குக் கடற்கரை முதற்குடிகள் விருந்து வைத்துப் பொருள்களை வாரி வழங்கும் பாட்லாட்ச் சடங்கைத் தடை செய்தது. 1914இல், மேற்கு மாகாணங்களின் முதற்குடிகள் அதிகாரியின் அனுமதியின்றித் தங்கள் சடங்கு உடையோடு பொது ஆட்டங்களில் தோன்றுவதையும் தடுத்தது. இவை 1951இல்தான் நீங்கின. உடையவன் அணிந்தால் குற்றம், மற்றவன் அணிந்தால் வேடிக்கை என்ற இந்த ஏற்றத்தாழ்வு ‘திருட்டு’ என்ற சொல்லில் எங்கே வருகிறது?

இனி மாஸ்க்வாசிஸ். தலையணியை அணிவித்தவர் கிரீ இனத்துத் தலைவர்களில் ஒருவரான வில்டன் லிட்டில்சைல்டு. முதற்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்த, திருச்சபை நடத்திய உறைவிடப் பள்ளியில் வதைபட்டவர். அந்தப் பள்ளிகளுக்காகப் போப் மன்னிப்புக் கேட்ட பிறகு, லிட்டில்சைல்டு கையால் நடந்தது அது. கோயிலில் பரிவட்டம் மாதிரி: பூசாரி கட்டினால் மரியாதை, தானே எடுத்துக் கட்டிக்கொண்டால் அடாவடி. முதற்குடியினரிலேயே பலர் இதைக் கண்டித்தார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் கேட்டது ‘இவருக்கு இது தகுமா?’ என்று. அது கொடுத்தவரை நோக்கிய கேள்வி, பெற்றவர் மீது அபகரிப்புப் பழி ஆகாது.

கொடை என்றால் எல்லாம் சரி என்றும் முடியாது. கொடுப்பவருக்கு அந்தச் சமூகத்தில் கொடுக்கும் உரிமை இருக்க வேண்டும். எங்கே, எப்போது அணியலாம் என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். அவர் சபைக்கென்று தந்ததை விருந்துக் கூத்துக்குப் போட்டால் கொடையும் அபகரிப்பாகிவிடும். அமெரிக்காவில் இன்னொரு சிக்கல், கழுகிறகு. 1940ஆம் ஆண்டுக் கழுகுப் பாதுகாப்புச் சட்டப்படி, பதிவுபெற்ற பழங்குடியினர் தங்களுக்குள் இறகைக் கொடுத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது; வெளியாருக்கு அன்பளிப்பாகவும் தர முடியாது. மனம் நிறைந்து தந்தாலும் வாங்கியவர் சட்டத்தில் மாட்டுவார். வெளியாரைச் சிறப்பிக்க நட்சத்திர வடிவம் தைத்த போர்வை போர்த்தினால் இந்தத் தொல்லை இல்லை.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை போலும். தலையணி ‘இறகுத் தொப்பி’ ஆகிறது, சடங்கு உடை ‘மாறுவேடம்’ ஆகிறது. 2018இல் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் பக்கிங்காம் அரண்மனைக்கு அணிந்து சென்ற, அந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரிகளின் இறகுப் போர்வை, லண்டனிலுள்ள ஙாட்டி ரானானா என்ற மாவோரிக் குழு தந்தது. அது திருட்டும் இல்லை, பரிசும் இல்லை. இரவல். தமிழில் அதற்குச் சொல் இருக்கிறது, எழுதத்தான் ஆளில்லை.