ஜி.எஸ்.பி. வரிச் சலுகை: சிறு ஏற்றுமதியாளர் பணத்தை இழக்கும் இடங்கள்

வியாசர்பாடியில் மூன்று தையல் இயந்திரங்களோடு தோல் பர்ஸ் செய்யும் ஒருவர், சரக்கு எந்த நாட்டில் உருவானது என்பதற்கான சான்றிதழ் ஒன்றைச் சென்ற மாதம் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஊதா நிற வட்ட முத்திரையும் கையெழுத்தும் குறைவில்லாமல் இருந்தன; தலைப்பில் மட்டும் ‘நான்-பிரிஃபரென்ஷியல்’ (வரிச் சலுகைக்குப் பயன்படாத வகை) என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அந்த ஒரு சொல்லால், ஜெர்மனியில் சரக்கை வாங்கியவருக்கு வரிச் சலுகை மறுக்கப்பட்டது. கட்டிய வரியை அவர் இவருடைய பணத்திலிருந்தே கழித்துக்கொண்டார். சான்றிதழை வாங்கித் தந்த ஏஜென்ட்டோ தன் கூலியை முன்பே பெற்றுக்கொண்டிருந்தார்.

வளரும் நாடுகளிலிருந்து வரும் பொருள்களுக்குப் பணக்கார நாடுகள் இறக்குமதி வரியைக் குறைப்பதோ நீக்குவதோதான் ஜி.எஸ்.பி. 1968இல் புது டெல்லியில் நடந்த ஐ.நா. வர்த்தக மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டு, ஐரோப்பாவில் 1971இலும் அமெரிக்காவில் 1976இலும் நடைமுறைக்கு வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

அமெரிக்காவுக்கு அனுப்புவோர் முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். பர்ஸ், கைப்பை, பயணப்பை ஆகியவற்றுக்கு 2017 ஜூலையில் கிடைத்த ஜி.எஸ்.பி. சலுகை, 2019 ஜூன் 5 அன்று இந்தியாவையே அந்நாடு பட்டியலிலிருந்து நீக்கியபோது போய்விட்டது. அந்தத் திட்டமே 2020 டிசம்பர் 31 அன்று காலாவதியானது. ஆகவே ‘அமெரிக்க ஜி.எஸ்.பி. பதிவு செய்து தருகிறேன்’ என்று இன்று யாராவது முன்பணம் கேட்டால், கொடுக்காதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் திட்டம் இருக்கிறது. ஆனால் எல்லாப் பொருளுக்கும் இல்லை. ஒரு நாட்டின் ஏற்றுமதி ஒரு பிரிவில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், அந்தப் பிரிவுக்குச் சலுகை நின்றுவிடும். இந்திய நூலும் துணியும் பல ஆண்டுகளுக்கு முன்பே அப்படி வெளியேறிவிட்டன. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டியல் மாறுகிறது. 2026 ஜனவரி 1 முதல் புதிய பட்டியல் நடப்பில் உள்ளதால், பழைய ஆர்டரை நம்பி விலை சொல்லாமல், உங்கள் பொருளின் எச்.எஸ். குறியீட்டை (சுங்கத்துறை பொருள்களை வகைப்படுத்தும் எண்) வாங்குபவரிடம் கொடுத்து இன்றைய வரி என்னவென்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி சான்று. 6,000 யூரோவுக்கு உட்பட்ட சரக்குக்குத் தனிச் சான்றிதழோ ரெக்ஸ் எண்ணோ (ஐரோப்பியச் சலுகைக்காக ஏற்றுமதியாளர் பெறும் பதிவு எண்) தேவையில்லை. பொருள் இந்தியாவில் உருவானது என்பதற்கு விதியில் கொடுக்கப்பட்டுள்ள வாசகத்தை, ஒரு சொல்லும் மாற்றாமல், இன்வாய்ஸிலேயே அச்சிட்டால் போதும். வியாசர்பாடிக்காரரின் சரக்கு மதிப்பு 4,200 யூரோதான்! செலவில்லாமல் ஒரே வாசகத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு அவர் பணமும் கொடுத்து, நான்கு நாள் வேலையையும் விட்டு அலைந்திருக்கிறார். ஓர் அலுவலகத்தில் ‘இது எங்கள் பிரிவில் வராது’ என்றார்கள். அடுத்த இடத்தில் ‘கொடுத்தவரையே கேளுங்கள்’ என்றார்கள். பிரிஃபரென்ஷியல், நான்-பிரிஃபரென்ஷியல் என்ற இரண்டு வகைகளில் எது தேவை என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

மதிப்பு 6,000 யூரோவைத் தாண்டினால் ரெக்ஸ் எண் கட்டாயம். இந்தியாவில் அந்தப் பதிவைச் சரிபார்க்கும் பொறுப்பு பொருளுக்கேற்பப் பல அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருப்பதால், உங்கள் பொருளுக்கு எந்த அமைப்பு என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் போனால் கவுன்டருக்குக் கவுன்டர் அனுப்பிவிடுவார்கள். ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி-இறக்குமதி எண்ணையும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். விவரம் எதுவும் மாறாவிட்டாலும் இதைச் செய்தாக வேண்டும். தவறினால் எண் முடக்கப்பட்டு, சரக்கு துறைமுக வாசலில் நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

வெளிநாட்டிலிருந்து வாங்கிய பர்ஸில் உங்கள் லேபிளைத் தைத்து, இந்தியாவில் உருவான பொருள் என்று எழுதாதீர்கள். தோல், ஜிப், பக்கிள் வாங்கிய ரசீதுகளையும் ஜாப் ஒர்க் கணக்கையும், வாசகம் எழுதிய ஆண்டின் முடிவிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். விசாரணை வந்தால், எழுதித் தந்த ஏஜென்ட்டைத் தேட மாட்டார்கள். கையெழுத்திட்ட உங்களைத்தான் கேட்பார்கள்.

வரி மிச்சம் முதலில் வாங்குபவரின் பைக்குத்தான் போகிறது. உங்கள் பங்கு விலையில் சேர வேண்டுமானால், சலுகையோடு ஒரு விலை, சலுகையின்றி ஒரு விலை என்று கொட்டேஷனிலேயே பிரித்து எழுதுங்கள். சலுகை மறுக்கப்பட்டால் வரியை யார் ஏற்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சரக்கு போன பிறகும் அந்த வாசகத்தை எழுதித் தர வழியுண்டு. இறக்குமதியான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அங்குள்ள சுங்கத்துறையிடம் அது போய்ச் சேர வேண்டும். வியாசர்பாடிக்காரர் சென்ற வாரம் அதைத் தன் இன்வாய்ஸில் அச்சிட்டு ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார். வரியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிப்பதாக வாங்குபவரும் பதில் எழுதியிருக்கிறார்.