வினைச்சொல்லின் வாலில் இருக்கும் 'நான்'

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றிலிருந்து வெளிநாட்டு பையருக்கு, அதாவது சரக்கு வாங்குபவருக்கு, இப்படி ஒரு மெயில் போகிறது என்று வையுங்கள்: 'டோல்ட் வில் ஃபினிஷ் டுமாரோ.' எழுதியவர் மனதில் ஓடியது, 'நாளைக்கு முடிச்சுத் தர்றதா சொன்னாங்க.' சொன்னது சாயப்பட்டறைக்காரர்கள். படிக்கிற பையரோ, கம்பெனியே வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொள்வார்.

தமிழில் அந்த வாக்கியத்துக்கு ஒரு குறையும் இல்லை. வந்தேன், வந்தான், வந்தாள், வந்துச்சு, வந்தோம் என்று வினையின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருப்பதால், 'நான்', 'அவங்க' என்று முன்னால் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஆங்கிலத்துக்கும் இப்படி வால்கள் இருந்தன, காலப்போக்கில் தேய்ந்துவிட்டன. இன்று யார் வந்தாலும் 'கேம்' ஒன்றுதான். ஆகவே ஆளைச் சொல்லும் வேலை முழுவதும் 'ஐ', 'ஹீ', 'தே' போன்ற பிரதிப்பெயரின் தலையில் விழுகிறது, அதை விடவே கூடாது. ஆளே இல்லாத இடத்திலும் நாற்காலி காலியாக இருக்கக் கூடாதென்று 'இட்' வந்து உட்காரும்: 'இட் இஸ் ரெய்னிங்.' அந்த 'இட்' எதையும் குறிப்பதில்லை.

செயப்படுபொருளுக்கும் இதே கதி. 'பில்லப் பாத்தீங்களா?' என்றால் 'பாத்தேனுங்க' போதும். 'ஐ சா' என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். 'ஐ சா இட்' என்று முடிக்க வேண்டும். மாறாக, 'மை பிரதர் ஹீ ஒர்க்ஸ் இன் ஈரோடு' என்பதில் ஒரே நாற்காலியில் இரண்டு பேர். 'ஹீ' எழுந்துகொள்ளட்டும்.

கொங்குக்காரர்களுக்குக் கூடுதல் சிக்கல், மரியாதை. 'வந்தேனுங்க' என்ற ஒரு சொல்லில் 'ஏன்' பேசுகிறவர், 'உங்க' கேட்கிறவருக்கான மரியாதை. ஆங்கிலப் பிரதிப்பெயரில் அந்த மரியாதைக்கு இடமில்லை. அது 'சார்', 'குட் யூ ப்ளீஸ்' போன்றவற்றுக்குள் போய்விடும். 'அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வந்தாங்க' என்பதை 'தே கேம்' என்றால் நாலைந்து பேர் வந்ததாக அர்த்தமாகும். அப்பிச்சியானாலும் 'ஹீ'தான், அதில் அவமரியாதை இல்லை. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீ–நீங்க வேறுபாடு இருந்தது: 'தௌ' ஒருவருக்கு, 'யூ' பலருக்கும் மரியாதைக்கும். பிறகு எல்லோருமே 'யூ' ஆகிவிட்டார்கள். ஒருவரிடம் பேசும்போதும் 'யூ ஆர்' என்று பன்மை வினை வருவது அதன் மிச்சம்.

ஆனால் ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவருக்கு 'தே' பொருந்தும்: 'சம்ஒன் லெஃப்ட் தேர் பேக்.' இதைப் புதுப் பழக்கம் என்று கடிந்துகொள்பவர்கள் உண்டு. 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் இருக்கிறது. தம்மை 'தே' என்றே குறிப்பிடச் சொல்கிறவர்களுக்கும் அதுவே சரி.

'ஐ'யா 'மீ'யா என்ற குழப்பம், கூட இன்னொருவர் சேரும்போதுதான் வருகிறது. அவரை எடுத்துவிட்டுப் படியுங்கள். 'ஹீ கால்ட் செந்தில் அண்ட் ஐ' என்பதில் செந்திலை நீக்கினால் 'ஹீ கால்ட் ஐ'. காதே தப்பென்று சொல்லிவிடும், 'மீ'தான். 'பிட்வீன்' வந்தால் இந்தச் சோதனை உதவாது, அதற்கு இரண்டு பேர் வேண்டுமே. இருவருக்கும் சேர்த்து ஒரு சொல் போட்டுப் பாருங்கள்: 'பிட்வீன் வி' என்று யாரும் சொல்வதில்லை, 'அஸ்' என்கிறோம். ஆக, 'பிட்வீன் யூ அண்ட் மீ.' அறிமுகத்தில் 'மைசெல்ஃப் செந்தில்' வேண்டாம், 'ஐ ஆம் செந்தில்' போதும். செய்தவரே செயலை வாங்கிக்கொள்ளும் இடத்தில் 'மைசெல்ஃப்' வரும்: 'ஐ கட் மைசெல்ஃப்.'

சில இடங்களில் ஆங்கிலம்தான் ஏழை. 'முருகன் தன் வண்டிய வித்துட்டான்' என்றால் வண்டி முருகனுடையது. 'அவன் வண்டிய' என்றால் வேறொருவனுடையதாகவும் இருக்கலாம். இரண்டுமே ஆங்கிலத்தில் 'ஹிஸ்'. குழப்பம் வருமென்று தெரிந்தால் பெயரையே திரும்ப எழுத வேண்டியதுதான். நாங்க, நாம இரண்டும் 'வி'யில் அடங்குவது இன்னும் வில்லங்கம். சரக்குக் கூலியைப் பாதிப் பாதி கட்டுவதாகப் பேசிவிட்டு, நாம என்று நினைத்து 'வி வில் பே தி ஃப்ரெய்ட்' என்று எழுதினால், பையர் அதை நாங்க என்றே படிப்பார். கூலி முழுவதும் இந்தப் பக்கம் வந்து சேரும். அங்கே 'வி'யை விட்டுவிட்டு, இரண்டு கம்பெனிகளின் பெயரையும், யார் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்.