பனி விழும் வறண்ட நிலத்தில் எரிபொருள் பயிர்கள்

உயிரி எரிபொருளுக்கான பயிர்களை எங்கே நடலாம் என்று மண்ணியல் ஆலோசகர் என்ற முறையில் என்னைக் கேட்பவர்களில், நட்டால் கடலோரத்தின் டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் தலைமுறைகளாகக் கரும்பு பயிரிட்ட நம் தமிழ்க் குடும்பத்தாரும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் உட்பகுதியில் மலிவாகக் கிடைக்கும் வறண்ட மேய்ச்சல் நிலம் அவர்கள் கண்ணில் படுவது இயல்பே. ஆனால், கடலோரக் கரும்புக்காரர் பெரிதாக எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத உறைபனி, அங்கே குளிர்காலம் முழுவதும் பயிரின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

முதலில் பெயர் அடிபடுவது, விதையிலிருந்து எரிபொருள் எண்ணெய் தரும் காட்டாமணக்கு. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடி வறட்சியில் உயிர் பிழைக்கும் என்பது உண்மைதான். எனினும் எண்ணெய் எடுக்கும் அளவுக்கு விதை தர அதற்கு நல்ல மழையோ பாசனமோ தேவை. இரவில் கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குவதால், மேட்டில் தப்பிய செடி பள்ளத்தில் கருகிவிடுகிறது. கருகிய கிளையை நகத்தால் கீறினால், பட்டைக்கு அடியில் பச்சை இராது, பழுப்புதான் தெரியும். அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்த்தாலும், கிளை நுனியில் பூக்கும் செடி என்பதால் அவ்வாண்டின் காய்ப்பு பெரும்பாலும் போய்விடும்.

காட்டாமணக்கு நிலத்தடி நீரை உறிஞ்சிவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. நீர் ஆராய்ச்சி ஆணையத்திற்காக 2007-இல் வெளியான ஆய்வோ, அது இயற்கைத் தாவரங்களைவிடப் பெரிதாக நீர் எடுப்பதில்லை என்றே கண்டது. என் கவலை வேறு. செடி நடுவதற்காக உழப்பட்ட புல்வெளியில், மண்ணுக்குள் சேர்ந்திருந்த கரிமம் காற்றில் கலக்கிறது. செடி கருகிய வெற்று நிலத்தைக் கோடை இடிமழை அரித்துச் செல்கிறது. கைவிட்ட பிறகு புல் ஏதோ முளைக்கும். ஆனால் நிலத்தடிக் கிழங்குகளில் உயிரை வைத்திருந்த பூச்செடிகள் பல பத்தாண்டுகள் ஆனாலும் திரும்புவது அரிது. நம் தேசியப் பறவையான நீலக் கொக்குக்கும் அந்தப் புல்வெளிதான் வீடு. உழாத நிலத்தை உழ, 1983-ஆம் ஆண்டின் வேளாண் வளப் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி பெற வேண்டும் என்பதைப் பலர் நினைவில் வைப்பதில்லை.

பனியைத் தாங்கும் பயிர் என்றால், கிழங்கில் சர்க்கரை சேர்க்கும் சர்க்கரை பீட் உண்டு. வறண்ட உட்பகுதியான கரூவின் கிராடாக் ஊரில் அதிலிருந்து எத்தனால் எடுக்கும் திட்டம் நெடுநாள் பேசப்பட்டது. அங்கே மழை போதாது. 1975-இல் முடிந்த, 80 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கத்தின் வழியே ஆரஞ்சு ஆற்று நீர் மீன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு வருவதால்தான் பாசனமே நடக்கிறது. அப்பள்ளத்தாக்கின் சேற்றுப்பாறைகளில் இயல்பாகவே உப்பு இருக்கிறது. நீர் பாய்ச்சிய பாத்திகளின் ஓரத்தில் படியும் வெள்ளைப் பூச்சை விரலால் தொட்டாலே தெரியும். முளைப்பருவம் தாண்டிய பீட், மண்சாற்றின் மின்கடத்துதிறன் (மண்ணில் உள்ள உப்பைக் காட்டும் அளவு) மீட்டருக்கு 7 டெசிசீமென்ஸ் வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். பீன்ஸ் 1-இலேயே தளரத் தொடங்கும். ஆகவே, பீட் செழித்து நிற்கும்போதே உப்பு ஏறிக்கொண்டிருக்கும். அது உழவருக்குத் தெரிவது, அதே வயலில் பீன்ஸோ மக்காச்சோளமோ விதைக்கும்போதுதான். அந்த உப்பை நீர்விட்டுக் கழுவினால், அது ஆற்றில் சேர்ந்து கீழே பாசனம் செய்பவரின் வயலுக்குப் போகிறது. இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது, ஏனெனில் எரிபொருளின் இலாபம் ஒருவருக்கும் உப்பு வேறொருவருக்கும் போய்ச் சேர்கிறது.

2007-இல் அரசு வெளியிட்ட உயிரி எரிபொருள் கொள்கை, உணவுப் பாதுகாப்பை எண்ணி மக்காச்சோளத்தை ஒதுக்கியது, காட்டாமணக்கையும் சேர்க்கவில்லை. அந்த எச்சரிக்கை சரியென்றே கருதுகிறேன். கடலோர ஆலைகளில் ஏற்கெனவே கிடைக்கும் கரும்புச் சக்கையும் வெல்லப்பாகும் இருக்க, புதிய புல்வெளியை உழுவதற்கு அவசரம் இல்லை.

அப்படியும் நிலம் வாங்குவதாக இருந்தால், அதன் தாழ்ந்த மூலையில் புல் மட்டத்தில் ஒரு குறைந்தபட்ச வெப்பமானியை வைத்து ஒரு குளிர்காலம் முழுவதும் குறித்துக்கொள்ளுங்கள். வானிலை நிலையக் கூண்டு தரைக்கு ஒரு மீட்டருக்கு மேல் இருப்பதால், அங்கே 3 டிகிரி காட்டும் இரவிலும் புல் உறைந்திருக்கலாம். பாசன நிலமானால், வேர் செல்லும் ஆழம் வரை அடுக்கடுக்காக மண் எடுத்து உப்புப் பரிசோதனை செய்த பிறகே கையெழுத்திடுங்கள்.